சாட்சி பின்னாளில் மாற்றிச் சொன்னால் தீர்ப்பு மாறுமா?

யாழ்ப்பாணத்தில் சாட்சி சொன்னவரும் தண்டனை பெற்றவரின் குடும்பமும் பல வேளைகளில் ஒரே ஊரில்தான் இருப்பார்கள். கோயில் திருவிழாவில், சங்கக் கடையில், செத்தவீட்டில் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்கத்தான் வேண்டும். வழக்கு முடிந்து சில வருடம் போன பிறகு அந்தச் சாட்சி, தான் கோர்ட்டில் சொன்னது உண்மை இல்லை என்று யாரிடமோ சொல்லிவிடுகிறார். பேச்சு சுற்றிச் சுற்றிச் சிறையில் இருப்பவரின் தாயின் காதுக்கு வருகிறது. சமாதான நீதவான் ஒருவர் முன்னால் சத்தியக்கடதாசி எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்த ஒரு தாளோடு மகன் வெளியே வந்துவிடுவான் என்று வீட்டில் நம்புகிறார்கள்.

பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. நீதிமன்றங்கள் இப்படி வரும் மறுப்பை மிகுந்த சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன. அந்தச் சந்தேகத்துக்கு வலுவான காரணங்கள் உண்டு. ஆனால் இரண்டாவது பேச்சின் மேல் வைக்கும் சந்தேகத்தை முதல் பேச்சின் மேலும் வைத்துப் பார்க்காவிட்டால் தவறு நேரும். நமது மாகாணத்தில் முதல் பேச்சு எப்படி உருவாகிறது என்று தெரிந்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும்.

முதலில் மேன்முறையீடு என்றால் என்ன என்று பார்ப்போம். மேல் நீதிமன்றத்தில் தண்டனை விழுந்தால் 14 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்ய வேண்டும். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை அப்படித்தான் சொல்கிறது. வழக்கு கொழும்பு புதுக்கடையில் இருக்கும் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போகும். மூன்று நீதிபதிகள் கொண்ட தீர்ப்பாயம் விசாரித்த வழக்கென்றால் நேரே நாட்டின் அதியுயர் மன்றமான உயர் நீதிமன்றத்துக்குப் போகும். புங்குடுதீவு மாணவி கொலை வழக்கில் 2017 செப்டெம்பர் 27இல் யாழ்ப்பாணத்தில் தீர்ப்பு வந்த பிறகு மேன்முறையீடுகள் அப்படித்தான் போயின.

மேன்முறையீட்டில் யாரும் வழக்கைத் திரும்ப நடத்துவதில்லை. நீதிபதிகள் கையில் இருப்பது வழக்கேடு மட்டுமே. சாட்சி கூண்டில் நின்றபோது குரல் தடுமாறியதா, எந்தக் கேள்விக்குத் தலை குனிந்தார் என்பதெல்லாம் அதில் இராது. அதனால்தான், சாட்சியை நேரில் கண்ட விசாரணை நீதிபதியின் முடிவை மேன்முறையீட்டு மன்றம் எளிதில் தள்ளிவிடாது. அரசியலமைப்பின் 138ஆம் உறுப்புரை சட்டப் பிழையையும், நடந்தது எது என்று முடிவு செய்வதில் நேரும் நிகழ்வுப் பிழையையும் திருத்தும் அதிகாரத்தை மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குக் கொடுக்கிறது. கூடவே, அந்தப் பிழையால் தரப்பினரின் உரிமைக்குப் பாதிப்போ நீதித் தவறோ நேர்ந்திருக்க வேண்டும் என்றும் சொல்கிறது.

விசாரணை நீதிபதி நேரில் கண்டார் என்ற வாதம் இங்கே எப்போதும் அவ்வளவு கனமாக நிற்காது. கொலை வழக்கொன்று வருடக் கணக்கில் இழுபடும்போது நீதிபதிகள் இடமாற்றம் பெறுகிறார்கள். நீதித்துறைச் சட்டத்தின் 48ஆம் பிரிவு, முன்னவர் பதிந்த சாட்சியத்தை ஏற்று வழக்கைத் தொடர வழி விடுகிறது. கண்கண்ட சாட்சியை ஒரு நீதிபதி கேட்டு, தீர்ப்பை வேறொருவர் எழுதலாம். அப்படிப்பட்ட வழக்கில் தீர்ப்பெழுதியவரும் ஏட்டைப் படித்துத்தான் முடிவுக்கு வந்தார்.

சரி, தீர்ப்புக்குப் பிறகு சாட்சி மாற்றிச் சொன்னால் அதை மேன்முறையீட்டு மன்றம் எப்படி உள்ளே எடுக்கும்? கதவு ஒன்று இருக்கிறது. அரசியலமைப்பின் 139(2)ஆம் உறுப்புரையின்படி, நீதி வேண்டும் இடத்தில் மேன்முறையீட்டு நீதிமன்றம் புதிய சாட்சியத்தை ஏற்கலாம். ஆனால் அந்தக் கதவின் முன்னால் 1954இல் இங்கிலாந்தில் வந்த ஒரு தீர்ப்பு காவல் நிற்கிறது. லாட் எதிர் மார்ஷல் என்ற அந்த வழக்கு மூன்று கேள்விகளைக் கேட்கச் சொன்னது. முயன்றிருந்தால் இந்தச் சாட்சியத்தை முதல் விசாரணையிலேயே கொண்டுவந்திருக்க முடியாதா? இது முடிவை மாற்றக்கூடிய அளவுக்கு முக்கியமானதா? மேலோட்டமாகப் பார்த்தாலும் நம்பத்தக்கதா? ஆங்கிலச் சட்ட மரபில் வந்த நாடுகளில் புதிய சாட்சியம் பற்றிப் பேசும்போதெல்லாம் இந்த மூன்றும் தலைகாட்டும்.

அந்த வழக்கின் கதையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அதுவே ஒரு சாட்சி மாற்றிச் சொன்ன கதைதான். வீடு வாங்கும் பேரம் ஒன்றில் 1,000 பவுண் கைமாறியதா இல்லையா என்பதே வழக்கு. பணம் வாங்கியதாகச் சொல்லப்பட்டவரின் மனைவி சாட்சிக் கூண்டில், தனக்கு எதுவும் நினைவில்லை என்றார். பிறகு கணவன் மனைவி விவாகரத்து வரை போனார்கள். அப்போது அந்தப் பெண், தான் முன்னர் சொன்னது உண்மையில்லை, பணம் கொடுக்கப்பட்டதைக் கண்டேன் என்று சொல்ல முன்வந்தார். நீதிமன்றம் ஏற்கவில்லை. பொய் சொன்னதாகத் தன் வாயாலேயே ஒப்புக்கொள்பவரை இரண்டாம் முறை எப்படி நம்புவது என்பது அந்த வழக்கைக் கேட்ட நீதிபதி டென்னிங் பிரபுவின் கேள்வி. ஒரு வழியை மட்டும் அவர் விட்டுவைத்தார். லஞ்சம் வாங்கியோ வற்புறுத்தலுக்குப் பணிந்தோ முதல் முறை பொய் சொன்னார் என்றும், இப்போது உண்மை பேச விரும்புகிறார் என்றும் காட்டினால், அது வேறு விடயம்.

ஆயிரம் பவுண் கொடுக்கல் வாங்கலுக்காகச் சொன்ன விதி, எழுபது வருடம் தாண்டியும் ஒருவரின் உயிரும் சுதந்திரமும் சம்பந்தப்பட்ட வழக்குகள் மேல் நிழல் விழுத்துகிறது. இது எனக்குச் சரியாகப் படவில்லை. சிவில் வழக்கில் ஒரு நாள் முடிவு வேண்டும், தோற்றவர் பணத்தைக் கட்டிவிட்டுப் போகட்டும் என்று சொல்லலாம். நிரபராதி ஒருவர் வெலிக்கடைச் சிறையில் இருக்கக்கூடும் என்று ஐயம் வரும்போது அதே இறுக்கம் பொருந்தாது. உறுப்புரை 139(2) "நீதி வேண்டும் இடத்தில்" என்ற பொருளில் அகலமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. நீதிபதிகளுக்கு இடம் இருக்கிறது.

இனி, சந்தேகத்தின் பக்கத்தில் இருக்கும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். சிறுவர் துஷ்பிரயோக வழக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். குற்றவாளி சித்தப்பாவாகவோ தாயின் துணைவராகவோ இருப்பார். உழைக்கிற கை சிறைக்குப் போய்விட்டது, வீட்டில் அடுப்பெரியவில்லை, அம்மம்மா ஒரு பக்கம் அழுகிறா, மாமா ஒரு பக்கம் ஏசுகிறார். பதினைந்து வயதுப் பிள்ளை, "நான் பொய்தான் சொன்னேன்" என்று ஒரு தாளில் கையெழுத்து வைக்க இதைவிட வேறென்ன வேண்டும்? பிள்ளையின் முதல் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து சாட்சியமாக முன்வைக்க 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் வழி செய்தது. அந்த வசதியைப் பயன்படுத்தியிருந்தால், பின்னாளில் வரும் மறுப்பை எடைபோட நீதிபதிக்கு ஒரு பிடி இருக்கும். இப்படியான வழக்கில் மறுப்பை ஏற்றுக் குற்றவாளியை விட்டுவிட்டால், அந்தப் பிள்ளையை அதே வீட்டுக்குள் திரும்பப் பூட்டிவிடுகிறோம்.

பணமும் பயமும் சேர்ந்தால் சாட்சி எத்தனை முறை புரளுவார் என்பதற்கு இந்தியாவின் பெஸ்ட் பேக்கரி வழக்கு உதாரணம். 2002 மார்ச் 1இல் குஜராத்தின் வடோதராவில், கலவரத்தின்போது அந்தப் பேக்கரியில் 14 பேர் கொல்லப்பட்டார்கள். முக்கிய சாட்சியான இளம் பெண் நீதிமன்றத்தில் பின்வாங்க, 2003இல் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், எல்லோரும் விடுதலையானார்கள். பயத்தால்தான் மாற்றிச் சொன்னேன் என்று அவர் வெளியே சொன்னார். 2004இல் இந்திய உச்ச நீதிமன்றம் வழக்கை மகாராஷ்டிரத்துக்கு மாற்றி மீள்விசாரணை நடத்தச் சொன்னது. அங்கே போய் அவர் திரும்பவும் மாறினார். 2006இல் எதிரிகளில் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விழுந்தது. நீதிமன்ற அவமதிப்புக்காக அந்தச் சாட்சிக்கும் ஒரு வருடச் சிறை கிடைத்தது. இப்படியொரு வழக்கைக் கண்ட நீதிபதி, சத்தியக்கடதாசி என்றதும் முகம் சுளிப்பதில் வியப்பில்லை.

ஆனால் எதிர்ப்பக்கமும் வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் கேரி டாட்சன் என்ற இளைஞர் 1979இல் பாலியல் வல்லுறவுக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனார். 1985இல் முறைப்பாடு செய்த பெண்ணே முன்வந்து, அப்படி ஒன்று நடக்கவே இல்லை, தான் கட்டிச் சொன்ன கதை என்றார். நீதிபதி நம்பவில்லை. முதல் சாட்சியம்தான் உண்மை என்று மனுவைத் தள்ளினார். ஆளுநர் தண்டனைக் காலத்தைக் குறைத்தாரே தவிர, குற்றமற்றவர் என்று சொல்லவில்லை. பிறகு மரபணுப் பரிசோதனை வந்தது. பாதுகாத்து வைத்திருந்த தடயம் டாட்சனுடையது இல்லை என்று தெரிந்தது. 1989இல் தீர்ப்பு நீக்கப்பட்டது. நீதிபதி நேர்மையாகத்தான் முடிவெடுத்தார், வழக்கமான சந்தேகத்தையும் முறைப்படிதான் கையாண்டார். ஆனாலும் முடிவு பிழை.

டிராய் டேவிஸ் வழக்கு இன்னும் கனமானது. ஜோர்ஜியா மாநிலத்தின் சவானா நகரில் 1989இல் ஒரு பொலிஸ் உத்தியோகத்தர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1991இல் டேவிஸுக்கு மரண தண்டனை. பொலிஸ்காரர் அல்லாத ஒன்பது சாட்சிகளில் ஏழு பேர் பிறகு தங்கள் சாட்சியத்தை முழுதாகவோ பகுதியாகவோ மாற்றிக்கொண்டார்கள். பொலிஸ் நெருக்கியதால் சொன்னோம் என்றவர்களும் அவர்களில் இருந்தார்கள். 2009இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு சிறப்பு விசாரணைக்கு உத்தரவிட்டது. 2010இல் அதை நடத்திய நீதிபதி, மறுப்புகள் போதாது என்றார். மாற்றிச் சொன்ன சிலரை டேவிஸின் சட்டத்தரணிகள் கூண்டுக்கே அழைக்காமல் எழுத்து வாக்குமூலத்தை மட்டும் கொடுத்தது அவர் சுட்டிய குறைகளில் ஒன்று. 2011 செப்டெம்பர் 21இல் தண்டனை நிறைவேறியது. இலங்கையில் 1976க்குப் பிறகு யாரும் தூக்கிலிடப்படவில்லை என்பது இந்த இடத்தில் ஆறுதலான செய்தி.

இவ்விரு வழக்கிலிருந்தும் ஒரு விடயம் தெளிவாகிறது. எப்போது பொய் சொன்னார் என்று சாட்சியின் மனதுக்குள் தேடுவது பெரும்பாலும் வீண் வேலை. அந்தச் சாட்சியை வழக்கிலிருந்து எடுத்துவிட்டால் மிச்சம் என்ன நிற்கிறது என்று கேட்பதே பயன் தரும். ரத்தக்கறை, தொலைபேசிப் பதிவு, மருத்துவ அறிக்கை, வேறு சாட்சி என்று தூண்கள் இருந்தால், ஒருவர் விலகுவதால் வீடு விழாது. எல்லாம் ஒரே வாயில் தங்கியிருந்தால், அந்த வாய் மாறிய பிறகும் தீர்ப்பு நியாயமான சந்தேகத்துக்கு அப்பாற்பட்டது என்று சொல்வது கடினம்.

நமது சட்டத்தில் ஒரே சாட்சி போதும். சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 134ஆம் பிரிவு, எந்த நிகழ்வையும் நிறுவ இத்தனை சாட்சி வேண்டும் என்ற கணக்கு இல்லை என்கிறது. அது வேண்டியதுதான். 2000 டிசம்பரில் தென்மராட்சி மிருசுவிலில் எட்டுப் பொதுமக்கள் கொல்லப்பட்டபோது, காயத்தோடு தப்பி வந்த ஒருவரே நடந்ததைச் சொல்ல இருந்தார். தண்டனை விழ 2015 ஆயிற்று. 2019இல் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அத்தனை வருடம் ஒரு மனிதர் தன் சொல்லில் நின்றதால்தான் அந்த வழக்கு நின்றது. அடுத்த வருடமே ஜனாதிபதி மன்னிப்பில் குற்றவாளி வெளியே வந்தார் என்பது இங்குள்ள சாட்சிகளுக்கு என்ன பாடத்தைக் கொடுத்திருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

இப்போது நமது மண்ணில் முதல் பேச்சு எப்படி உருவாகிறது என்பதற்கு வருவோம். சம்பவத்துக்குப் பிறகு சாட்சி பொலிஸ் நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்கிறார். வடக்கில் தமிழில் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர்கள் போதாமல் இருப்பது பழைய குறை. தமிழில் சொன்னது சிங்களத்தில் எழுதப்பட்டு, சொன்னவரால் வாசிக்க முடியாத தாளில் கையெழுத்து விழுந்த வழக்குகள் உண்டு. சில வருடம் கழித்துக் கூண்டில் ஏறியதும், எதிர்த்தரப்புச் சட்டத்தரணி அதே தாளை எடுத்து, "பொலிஸில் இப்படிச் சொன்னீர்கள், இன்றைக்கு வேறு சொல்கிறீர்கள்" என்று முரண்பாடு குறிப்பார். அரச சட்டவாதியோ, சாட்சி தனக்கு எதிராகத் திரும்பினால், நீதிமன்ற அனுமதியோடு அவரைக் குறுக்கு விசாரணை செய்வார். எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தத் தாள் துரத்தும். தான் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக ஒப்புக்கொண்டுவிட்டால் சிக்கல் தீரும் என்று நினைக்கிற சாட்சிகள் இல்லையா?

மேன்முறையீட்டில் இன்னொரு சுற்று. யாழ்ப்பாணத்தில் தமிழில் நடந்த வழக்கின் ஏடு, புதுக்கடையில் அதைப் படிக்கும் நீதிபதிகளுக்காக மொழிபெயர்க்கப்பட வேண்டும். அதற்கே காலம் போகும். மாற்றிச் சொல்லும் சத்தியக்கடதாசியும் மொழிபெயர்ப்பாகவே அவர்கள் முன் இருக்கும்.

குற்றம் சாட்டப்பட்டவரே கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தைத் திரும்பப் பெறும்போது இதன் கொடுமை இன்னும் தெளிவாகத் தெரியும். சாதாரணச் சட்டத்தில் பொலிஸுக்குக் கொடுத்த ஒப்புதல் செல்லாது. 1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டம் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாதவரிடம் கொடுத்ததைச் செல்லுபடியாக்கியது. அது வற்புறுத்தலில் வந்தது என்று காட்டும் சுமையையும் எதிரியின் தலையில் வைத்தது. சிங்கராசா வழக்கில், சிங்களத்தில் தட்டச்சு செய்த ஒப்புதலில் பெருவிரல் அடையாளம் வைத்த தமிழ் இளைஞருக்கு 1995இல் 50 வருடச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. தண்டனைக்கு அந்த ஒப்புதலே ஆதாரம். 2004இல் ஐ.நா. மனித உரிமைக் குழு அவரது நீதியான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்றது. 2006இல் இலங்கை உயர் நீதிமன்றம் அந்த முடிவுக்கு இங்கே வலு இல்லை என்று மனுவைத் தள்ளியது. சந்தேகம் முழுவதும் மறுப்பின் மேல் விழுந்தது. முதல் தாளைப் பிறப்பித்த அறைக்குள் யாரும் விளக்குப் பிடித்துப் பார்க்கவில்லை.

பொலிஸ் மட்டுமே நெருக்குவதில்லை. ஊரும் நெருக்கும். 2015 மே 20இல், புங்குடுதீவுக் கொலைக்கு நீதி கேட்டுக் கூடிய கூட்டம் யாழ்ப்பாண நீதிமன்றக் கட்டடத் தொகுதியையே தாக்கியது. அந்தக் கோபத்தின் நியாயம் எல்லோருக்கும் புரியும். ஆனால் அப்படிக் கொதிக்கும் நாட்களில், "அவனைத்தான் கண்டேனா என்று எனக்கு உறுதியில்லை" என்று சொல்லும் துணிவு ஒரு சாட்சிக்கு வருமா என்றும் கேட்க வேண்டும். இது எல்லாப் பெரிய வழக்குக்கும் பொருந்தும் கேள்வி.

"பொய் சொன்னேன்" என்பதும் "எனக்கு உறுதியில்லை" என்பதும் வேறு வேறு. இருட்டில், டோர்ச் வெளிச்சத்தில் கண்ட முகத்தை அடையாள அணிவகுப்பில் காட்டியவர், பிறகு தயங்கினால் அவர் பொய்யர் இல்லை. மனித நினைவு அப்படித்தான். இதை டென்னிங் பிரபுவின் பொய்யர் கணக்கில் சேர்ப்பது அநியாயம்.

மாற்றிச் சொல்ல விரும்பும் சாட்சிக்கும் ஆபத்து இருக்கிறது. நீதிமன்றத்தில் பொய்ச் சாட்சியம் சொன்னால் தண்டனைச் சட்டக்கோவையின் 190ஆம் பிரிவின்படி ஏழு வருடம் வரை சிறை. சத்தியக்கடதாசியில் கையெழுத்து வைக்கும் கணமே அவர் தன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். அதனால் தண்டனை பெற்றவரின் சட்டத்தரணியிடமே போய் எழுதிக் கொடுப்பது இரண்டு பக்கமும் கெடுக்கும். சாட்சிக்கு வேறு சட்டத்தரணி வேண்டும். ஏன் அன்று பொய் சொன்னார், யார் சொல்லச் சொன்னார், ஏன் இத்தனை வருடம் வாய் திறக்கவில்லை, உண்மையில் கண்டது என்ன என்பதையெல்லாம் அவரே தன் சொல்லில் சொல்ல வேண்டும். "முன்னர் சொன்னது எல்லாம் பொய்" என்ற ஒற்றை வரி யாரையும் காப்பாற்றாது. கனடாவுக்கோ சுவிஸுக்கோ போய்விட்ட சாட்சி அங்கிருந்து தாள் அனுப்பினால், குறுக்கு விசாரணைக்கு நிற்கத் தயாரா என்ற கேள்வி முதலில் வரும். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சாட்சிகள் பாதுகாப்புச் சட்டத்தில், தொலைவிலிருந்து ஒலி ஒளி இணைப்பில் சாட்சியமளிக்க இடம் இருக்கிறது. சாட்சியை மிரட்டுவதும் அதில் தனிக் குற்றம்.

மேன்முறையீட்டு மன்றம் நம்பினாலும் உடனே விடுதலை என்று இல்லை. தண்டனையை நீக்கலாம், அல்லது மீள்விசாரணைக்கு அனுப்பலாம். சம்பவம் நடந்து எத்தனை வருடம் ஆயிற்று, எதிரி எவ்வளவு காலம் உள்ளே இருந்தார், மிச்சச் சாட்சியம் எப்படி என்று பார்த்து, மீள்விசாரணை வேண்டாம் என்று முடிவு செய்த தீர்ப்புகளும் உண்டு. மேன்முறையீடும் முடிந்த பிறகு மறுப்பு வந்தாலோ வழி மிகக் குறுகிவிடும். அரசியலமைப்பின் 34ஆம் உறுப்புரையில் உள்ள ஜனாதிபதி மன்னிப்பு ஒன்று இருக்கிறது. மன்னிப்பு என்றால் குற்றம் செய்தார் ஆனால் விட்டோம் என்று பொருள். செய்யாதவருக்கு அது நீதி ஆகாது. இங்கிலாந்தில் 1997 முதல், முடிந்த வழக்குகளைத் திரும்பப் பார்த்து மேன்முறையீட்டு மன்றத்துக்கு அனுப்பவென்றே ஒரு தனி ஆணைக்குழு இயங்குகிறது. இலங்கைக்கு அப்படியொன்று வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதுவரை, உடனே செய்யக்கூடியவை இரண்டு. சாட்சி பேசும் மொழியிலேயே முதல் வாக்குமூலத்தை எழுதி, வாசித்துக் காட்டி, முடிந்தால் ஒலிப்பதிவும் செய்ய வேண்டும். இரண்டாவது, வழக்கில் குறியிட்ட சான்றுப் பொருட்களை, தண்டனை பெற்றவர் சிறையில் இருக்கும் காலம் முழுவதும் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும். டாட்சனின் வழக்கில் சாட்சியின் மறுப்பு தோற்றது, களஞ்சியத்தில் பத்திரமாக இருந்த ஒரு துண்டுத் துணி வென்றது. யாழ்ப்பாணத்தில் கொலை வழக்கொன்றில் பத்து வருடம் கழித்து ஒரு சாட்சி மாற்றிச் சொன்னால், அவரைச் சோதித்துப் பார்க்க அந்தச் சட்டையும் கத்தியும் இன்னமும் அலுமாரியில் இருக்கின்றனவா என்று முதலில் நீதிமன்றப் பதிவாளரிடம் கேட்க வேண்டும்.